தனிவழி செல்பவருக்குத் துணை யார்?

(தில்லி, மயூர் விஹாரில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் நடைபெற்ற சத்சங்க உரையின் எழுத்து வடிவம்)

மகாபாரதத்தின் வனபர்வத்தில் யக்ஷப் பிரச்னம் என்றொரு பகுதி உண்டு. பொய்கைக் கரையில் நான்கு தம்பியரும் உயிரற்றுக் கிடக்கிறார்கள். தாகத்தால் வாடி நிற்கும் தர்மபுத்திரரை நோக்கி யக்ஷன் கேள்விக்கு மேல் கேள்வியாகத் தொடுக்கிறான். அவற்றுள் ஒன்று நட்பைப் பற்றியது. பயணம் போகிறவனுக்கு நண்பன் யார், வீட்டில் இருப்பவனுக்கு நண்பன் யார், நோயாளிக்கு யார், சாகப் போகிறவனுக்கு யார் என்று யக்ஷன் கேட்கிறான். பயணிக்கு உடன் செல்லும் கூட்டமும், இல்லத்தில் இருப்பவனுக்கு மனைவியும், நோயாளிக்கு மருத்துவனும், மரணத்தை நோக்கிச் செல்பவனுக்கு அவன் செய்த தானமும் நண்பர்கள் என்பது தர்மபுத்திரரின் விடை.

பயணிக்குக் கல்வியே துணை என்று சொல்லும் வழக்கும் உண்டு. ஆயினும் நான் பின்பற்றும் வடமொழிப் பாடத்தில் உள்ள சொல் ‘ஸார்த்தம்’ என்பதாகும். கள்வரும் விலங்கும் நிறைந்த வழிகளில் வணிகர்கள் பொதிமாடுகளோடும் வண்டிகளோடும் கூட்டமாகச் சென்றனர். அந்தக் கூட்டத்திற்கே ஸார்த்தம் என்று பெயர். பழந்தமிழில் அதனைச் ‘சாத்து’ என்றார்கள். கோவலனின் தந்தை மாசாத்துவான் என்ற பெயரில் அந்தச் சொல்லை இன்றும் நாம் காண்கிறோம்.

இந்த விடையை நான் பலமுறை படித்திருக்கிறேன், மொழிபெயர்த்தும் இருக்கிறேன். ஆனால் இதில் ஒரு கேள்வி மறைந்திருப்பதை இதே மயூர் விஹாரில் வாழும் அன்பர் ஒருவர்தாம் எனக்குக் காட்டினார். இல்லத்தில் நண்பராய் இருந்தவர் மறைந்துவிட்டார். உடன் செல்லக் கூட்டமும் இல்லை. அப்படிப்பட்டவர் பயணம் புறப்பட்டால் அவருக்குத் துணை யார்? இன்றைய சிந்தனை இதைப் பற்றியதே. அந்த அன்பரின் அனுமதியோடு, அவரது பெயரைக் கூறாமல், அவர் கதையையும் சொல்கிறேன்.

நின்றுபோன வண்டி

அவர் தஞ்சை மாவட்டத்துக்காரர். எழுபதுகளின் இறுதியில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் தில்லிக்கு வந்து, மத்திய அரசுப் பணியில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்தவர். உங்களில் பலருடைய கதையும் இதுதான். கரோல்பாகிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் வாழ்ந்துவிட்டு, யமுனையின் கிழக்குக் கரையில் கூட்டுறவுக் குடியிருப்புகள் எழுந்தபோது இங்கே ஒரு வீட்டை வாங்கிக்கொண்டார். அவருடைய மனைவிக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. ‘நாற்பது வருடங்களாக இந்தியாவை ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருக்கிறோம். ஒருமுறையாவது நினைத்த இடத்தில் இறங்கி, நினைத்த கோயிலில் நின்று, நினைத்த ஆற்றில் குளித்து ஊர் போய்ச் சேர வேண்டும்’ என்று அந்த அம்மையார் சொல்வாராம்.

ஒவ்வோர் ஆண்டும், ‘அடுத்த வருடம் போகலாம்’ என்பதே இவருடைய பதிலாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு ஒருவழியாக மூடிய வேன் ஒன்றை வாங்கினார். தச்சரைக் கொண்டு அதனுள் இருவர் படுக்க ஒரு பலகைக் கட்டில், ஒற்றை அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சுவரில் ஒரு சிறு பூஜை மாடம் எல்லாம் அமைத்தார். கேரவன் என்றால் நம் மக்களுக்குத் திரைப்பட நடிகர்களின் வண்டிதான் நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்டதன்று, ஒரு மத்தியதரக் குடும்பத்தின் சமையலறையும் பூஜையறையும் நான்கு சக்கரங்களின் மீது அமர்ந்ததைப் போன்றது. பூஜை மாடத்தின் திரைச்சீலையை அந்த அம்மையாரே தைத்தார்.

2020-இல் பெருந்தொற்று வந்தது. பயணம் மீண்டும் தள்ளிப்போயிற்று. 2021 ஏப்ரல், மே மாதங்களில் தில்லி பட்ட பாட்டை இங்குள்ள எவரும் மறந்திருக்க முடியாது. பிராணவாயு உருளைகளுக்காக மக்கள் இரவு பகலாக அலைந்த நாட்கள் அவை. அந்த மே மாதத்தில் அவருடைய மனைவி காலமானார். கடைசி ஆறு நாட்கள் அவர் மனைவியின் முகத்தைக் காண முடியவில்லை. சாம்பலை ஹரித்வாரில் கரைத்துவிட்டு வீடு திரும்பினார். வேன் குடியிருப்பின் வாயிலருகே, வேப்பமரத்தடியில் நின்றது. சக்கரங்களில் காற்று இறங்கியது. கண்ணாடியில் தூசி படிந்தது. விற்றுவிடுமாறு வெளிநாட்டில் இருக்கும் மகன் வற்புறுத்தினார். இவரால் விற்கவும் முடியவில்லை; ஓட்டவும் முடியவில்லை.

2022-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு மாலை அவர் என்னிடம் வந்து இவ்வாறு கேட்டார்: ‘சுவாமிஜி, அவள் ஆசைப்பட்ட பயணம் அது. அவள் உயிரோடு இருந்தபோது அழைத்துப் போகாதவன் நான். இப்போது நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் அது துரோகம் ஆகாதா? போகாவிட்டாலும் அவள் ஆசையைப் புதைத்தவன் ஆகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?’

நான் சொன்ன பதிலை மறைக்காமல் கூறிவிடுகிறேன். ஆன்மாவுக்கு அழிவில்லை, பழைய ஆடையைக் களைந்து புதியதை உடுப்பதைப் போன்றதே மரணம் என்று கீதையின் இரண்டாம் அத்தியாயக் கருத்தை எடுத்துரைத்தேன். அவர் மரியாதையுடன் கேட்டுக்கொண்டார். ‘சரி, சுவாமிஜி’ என்று எழுந்து போய்விட்டார். அதன்பின் பல மாதங்கள் அவர் சத்சங்கத்திற்கு வரவில்லை.

சொன்ன கருத்து சத்தியமே. ஆனால் பசித்தவனிடம் உணவின் இலக்கணத்தை விளக்கியதைப் போல அது ஆகிவிட்டது. ஆன்மா அழியுமா என்பது அவருடைய கேள்வியே அன்று. எஞ்சியிருக்கும் நாட்களில் அன்பை எந்தத் திசையில் செலுத்துவது என்றே அவர் கேட்டார். தத்துவம் பயின்றவர்களுக்கு இந்தத் தவறு எளிதில் நேர்கிறது.

அன்னை மேற்கொண்ட யாத்திரை

பின்னர் ஸ்ரீஅன்னை சாரதாதேவியாரின் வாழ்க்கையைப் படித்துக்கொண்டிருந்தபோது, அவருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் அங்கே இருப்பதைக் கண்டேன்.

1886 ஆகஸ்டு 16 அன்று காசிப்பூர்த் தோட்ட இல்லத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் மகாசமாதி அடைந்தார். அன்னைக்கு அப்போது வயது 32. இரண்டே வாரங்களில், ஆகஸ்டு 30 அன்று, அன்னை தீர்த்த யாத்திரை புறப்பட்டார். பெண் பக்தைகள் சிலரும் இளம் சீடர்கள் சிலரும் உடன் சென்றனர். தேவ்கர், காசி, அயோத்தி வழியாக பிருந்தாவனம் சென்று அங்கே ஏறக்குறைய ஓராண்டு தங்கினார். பிருந்தாவனம் இங்கிருந்து 150 கிலோமீட்டர் தொலைவுதான். உங்களில் பலர் காலையில் சென்று மாலையில் திரும்புகிறீர்கள்.

நாம் கவனிக்க வேண்டியது என்னவெனில், அன்னை துயரத்தை முழுதும் கடந்துவிட்ட பிறகு யாத்திரை போகவில்லை, துயரத்தோடுதான் போனார். பிருந்தாவனத்தில் யோகின்மாவைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதார். நாட்கணக்கில் இருவரும் அழுதார்கள். ரயில் பயணத்தின்போது நடந்த ஒரு நிகழ்ச்சியையும் அன்னையின் வரலாறு கூறுகிறது. குருதேவர் அணிந்திருந்த கவசத்தை அன்னை தம் கையில் கட்டியிருந்தார். அந்தக் கை ஜன்னலோரமாக இருந்தபோது குருதேவர் ஜன்னல் வழியே காட்சி தந்து, அதனைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படி எச்சரித்தாராம். பெரிய உபதேசம் எதுவும் அங்கே இல்லை. ஒரு கணவர் தம் மனைவியிடம் சொல்லக்கூடிய மிகச் சாதாரணமான சொற்களே அவை.

பிருந்தாவனத்தில் நாளடைவில் அழுகை அடங்கியது. தியானத்தில் ஆழ்ந்தார். கோயில் கோயிலாக, பல சமயம் சிறுமியின் உற்சாகத்தோடு சென்றார் என்கிறார்கள் உடனிருந்தவர்கள். பின்னர் காமார்புகூர் திரும்பியபோது உண்மையான தனிமை அவரை எதிர்கொண்டது. சோற்றையும் கீரையையும் வேகவைத்து உண்டார். உப்புக்கும் வழியில்லாத நாட்கள் இருந்தன. கைவளையலையும் கரைபோட்ட புடவையையும் அவர் முழுதும் நீக்கவில்லை என்று ஊரார் வேறு பழித்தனர்.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிக் கூற விரும்புகிறேன். வடமொழியில் ‘கேவல’ என்றால் தனித்த, கலப்பற்ற என்று பொருள். அதிலிருந்தே முக்தியைக் குறிக்கும் ‘கைவல்யம்’ என்ற சொல் பிறந்தது. அதே சொல்லைத் தமிழில் நாம் ‘கேவலம்’ என்று இழிவைக் குறிக்கப் பயன்படுத்துகிறோம். தனித்திருப்பவரை, சிறப்பாகத் துணையை இழந்த பெண்ணை, சமூகம் இந்த இரண்டாம் பொருளிலேயே நெடுங்காலம் நடத்திவந்திருக்கிறது. பிருந்தாவனமே அதற்குச் சாட்சி. கைம்பெண்கள் எத்தனையோ பேர் குடும்பத்தாரால் அங்கே அனுப்பப்பட்டார்கள். அனுப்பப்படுவது வேறு, புறப்படுவது வேறு. முன்னது நாடுகடத்தல், பின்னதே யாத்திரை. அதே ஊருக்குச் சென்ற அன்னை, துணையிழந்தவரின் தனிமை கேவலம் ஆகாமல் கைவல்யம் ஆகவும் முடியும் என்று வாழ்ந்து காட்டினார்.

அதன்பின் 1920 ஜூலை வரை முப்பத்து நான்கு ஆண்டுகள் அன்னை வாழ்ந்தார். 1911-இல் தென்னாட்டு யாத்திரையாகச் சென்னைக்கும் மதுரைக்கும் ராமேசுவரத்திற்கும் எழுந்தருளினார். சுவாமி ராமகிருஷ்ணானந்தர் ஏற்பாடு செய்த 108 பொன் வில்வ இலைகளால் ராமநாதரை அர்ச்சித்தார். அன்னைக்குத் தமிழ் தெரியாது. வந்த மக்களுக்கு வங்காளம் தெரியாது. ஆயினும் தாயிடம் வந்த பிள்ளைகளாகவே எல்லோரும் திரும்பிப் போனார்கள். ஜயராம்பாடியில், சாதியும் மதமும் பார்க்காமல், அம்ஜத் என்ற முஸ்லிம் தொழிலாளி உண்ட இலையைத் தம் கையால் எடுத்துச் சுத்தம் செய்தார். ஒருவர்மீது இருந்த அன்பு, அவர் கண்ணுக்கு மறைந்தபின் வற்றிப்போகவில்லை. எல்லாப் பக்கமும் பாய்ந்தது.

இரண்டு கிலோமீட்டர் யாத்திரை

2023 ஜூலையில் யமுனை பெருகியது. ஜூலை 13 அன்று பழைய ரயில் பாலத்தருகே நீர்மட்டம் 208.66 மீட்டரைத் தொட்டது. 1978-இல் பதிவான 207.49 மீட்டரே அதுவரை மிக உயர்ந்த அளவாக இருந்தது. ஆற்றுப் படுகையில் காய்கறி பயிரிட்டு வாழும் குடும்பங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தன. மயூர் விஹாரின் சாலையோரங்களில் கூடாரங்கள் எழுந்ததை நீங்கள் பார்த்தீர்கள். நமது அன்பர் குழுவினர் கிச்சடி சமைத்துக் கொடுத்தார்கள். சமைத்ததைக் கொண்டு செல்ல வண்டி தேவைப்பட்டது.

அப்போது குழுவினர் சிலர் இந்த அன்பரின் வீட்டுக்குச் சென்று, தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். அவர் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லையாம். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். சக்கரங்களுக்குக் காற்றடித்து, புது பேட்டரி மாட்டி, தாமே ஓட்டிச் சென்றார். இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நின்ற வண்டியின் முதல் பயணம் இரண்டு கிலோமீட்டர் தூரம். மனைவிக்காக அமைத்த கட்டிலில் கிச்சடிப் பாத்திரங்கள் இருந்தன. ஒன்பது நாட்கள் அவர் அந்த வேலையைச் செய்தார். பிரசவித்துச் சில நாட்களே ஆன பெண்ணொருத்தி, குழந்தையோடு ஓர் இரவு முழுவதும் அந்தக் கட்டிலில் மழைக்கு ஒதுங்கித் தூங்கினாள். இவர் முன் இருக்கையில் உட்கார்ந்தபடி விழித்திருந்தார்.

பிறகு ஒரு நாள் என்னிடம் வந்தார். ‘அந்தக் குழந்தை அழுதபோது அவள் பின்னாலிருந்து ஏதோ சொன்னதைப் போல இருந்தது, சுவாமிஜி. அவளாக இருந்தால் அந்தப் பெண்ணுக்கு வெந்நீர் வைத்திருப்பாள். நான் எழுந்து வெந்நீர் வைத்தேன்’ என்றார்.

யக்ஷனுக்குத் தர்மபுத்திரர் கூறிய நான்காவது விடையின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது. மரணத்தை நோக்கிச் செல்பவனுக்குத் தானமே நண்பன். மரணத்தை நோக்கிச் செல்லாதவர் நம்மில் யார்? இல்லத்துணை இல்லை, வழித்துணையும் இல்லை என்று ஆனபின்பும் அந்த நான்காவது நண்பன் எஞ்சி நிற்கிறான். நம் சிலப்பதிகாரமும் இதனையே காட்டுகிறது. கோவலன் கொலையுண்டபின் கண்ணகி மதுரையை விட்டுத் தனியே மேற்கு நோக்கி நடந்து சேரநாட்டு மலையை அடைந்தாள். அவள் உள்ளத்தில் எரிந்த தீயோடுதான் அவள் நடந்தாள். அந்தச் செய்தியைக் கேட்ட மாசாத்துவானோ, சாத்துக்களை நடத்திச் சேர்த்த செல்வம் முழுவதையும் தானமாகக் கொடுத்துவிட்டு பௌத்தத் துறவியரிடம் சென்றான். பெருங்கூட்டத்தின் தலைவன் தனியாய்ப் புறப்பட்டபோது அவனுக்குத் துணையாக நின்றது கொடுத்த செயல்தான்.

மைத்ரேயிக்குச் சொல்லப்பட்டது

இதனை வெறும் சமூக சேவை என்று நினைத்துவிடக் கூடாது. இதற்கு வேதாந்தத்தில் ஆழமான அடிப்படை உண்டு. பிருஹதாரண்யக உபநிஷதத்தில் யாக்ஞவல்கியர் இல்லறத்தை விட்டு நீங்கப் புறப்படுகிறார். மைத்ரேயி செல்வத்தை வேண்டாமல், அழிவற்றது எதுவோ அதைக் கேட்கிறாள். கணவன் கணவன் என்பதற்காகப் பிரியமானவன் அல்லன், ஆத்மாவின் பொருட்டே பிரியமானவன் என்று தொடங்கி, மனைவி, மக்கள், செல்வம் என்று ஒவ்வொன்றாக அதே உண்மையை முனிவர் எடுத்துக் காட்டுகிறார்.

இதைப் படிக்கும் சிலர், எல்லோரும் தம் சுயநலத்திற்காகவே அன்பு செய்கிறார்கள் என்று பொருள் கொள்கிறார்கள். அது பிழை. இங்கே ஆத்மா என்பது ‘நான், எனது’ என்னும் சிறிய தன்மை அன்று. எல்லாவற்றிலும் நிறைந்த ஒரே பொருள். நாம் நாற்பது ஆண்டுகள் ஒருவரிடம் அன்பு வைத்தோம் என்றால், அவரிடம் ஒளிர்ந்த அந்தப் பொருளிடமே அன்பு வைத்தோம். விளக்கு அணைந்ததும் வெளிச்சமே உலகில் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. மறைந்தவரிடம் நாம் கண்ட அதே பொருள், கூடாரத்தில் அழும் குழந்தையிடமும் இருக்கிறது. அதை அங்கே அடையாளம் கண்டுகொள்வது மறைந்தவருக்குச் செய்யும் துரோகம் ஆகாது. அவர் நமக்குக் கற்றுத் தந்த பாடத்தை மறக்காமல் இருப்பதே ஆகும்.

பெண்கள் கேட்ட கேள்வி

இந்தக் கதையை முன்பொரு முறை சொன்னபோது, வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர், ‘அவர் ஆண்பிள்ளை, வண்டி ஓட்டத் தெரியும், புறப்பட்டார். எங்களைப் போன்றவர்கள் என்ன செய்வது?’ என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மைசூரைச் சேர்ந்த கிருஷ்ணகுமார், அவருடைய தாயார் சூடாரத்னா ஆகியோரைப் பற்றி நீங்கள் செய்தித்தாள்களில் படித்திருக்கலாம். பெரிய கூட்டுக் குடும்பத்தில் சமையலறையிலேயே காலம் கழித்தவர் அந்தத் தாயார். 2015-இல் கணவர் காலமானார். ஒருநாள் மகன், திருவண்ணாமலை, திருவரங்கம் போன்ற தலங்களைப் பார்த்ததுண்டா என்று கேட்டார். பக்கத்தில் இருக்கும் பேலூர், ஹளேபீடைக்கூடப் பார்த்ததில்லை என்றார் தாய். மகன் பெங்களூரில் பார்த்துவந்த வேலையைத் துறந்தார். தந்தை தமக்குப் பரிசாக வாங்கித் தந்த பழைய பஜாஜ் சேதக் ஸ்கூட்டரில் தாயை ஏற்றிக்கொண்டு 2018 ஜனவரி 16 அன்று புறப்பட்டார். இந்தியாவின் பெரும்பகுதியோடு நேபாளம், பூடான், மியான்மர் நாடுகளையும் பார்த்து, 2020-இல் மைசூர் திரும்பியபோது 56,000 கிலோமீட்டருக்கும் மேல் கடந்திருந்தார்கள். தந்தை தந்த வண்டி என்பதால் தாங்கள் இருவராக அல்ல, மூவராகவே செல்கிறோம் என்று அந்த மகன் கருதினார்.

எல்லோருக்கும் இப்படி ஒரு மகன் வாய்ப்பதில்லை என்று நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ‘பார்த்ததில்லை’ என்று அந்தத் தாய் வாய்விட்டுச் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். துணையை இழந்த தாய்மார்கள் பலர் தம் விருப்பத்தைச் சொல்வதே தவறு என்று நினைக்கிறார்கள். கேட்காத பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: உங்கள் தாயிடம், தந்தையிடம், எங்கே போக ஆசை என்று இன்றிரவே கேளுங்கள். நம் அன்பரைப் போல ‘அடுத்த வருடம்’ என்று சொல்லாதீர்கள். தூரம் முக்கியமன்று. இரண்டாம் பகுதியிலுள்ள விநாயகர் கோயிலுக்கும் முதற்பகுதியிலுள்ள உத்தர குருவாயூரப்பன் கோயிலுக்கும் துணையின்றி முதல்முறை நடந்து போவதும் சிலருக்குக் கயிலாய யாத்திரைதான்.

காலியாக இருந்த இருக்கை

2023 டிசம்பரில் அந்த அன்பர் புறப்பட்டார். ஹரித்வாரில் கங்கை நீரை முகந்துகொண்டு, ராமேசுவரத்தை இலக்காக வைத்து, தில்லியிலிருந்து 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் தெற்கே சென்றார். காசி, ராமேசுவர யாத்திரையில் கங்கை நீரை ராமநாதருக்கு அபிஷேகம் செய்வதும், சேதுவின் மணலைப் பிரயாகையின் திரிவேணியில் சேர்ப்பதும் நம் முன்னோர் வழக்கம் அல்லவா?

ஓட்டுநர் இருக்கையின் பக்கத்து இருக்கையில் மனைவியின் சால்வையை மடித்து வைத்திருந்தார். இரண்டு நாட்கள் அதனோடு பேசிக்கொண்டே சென்றதாகச் சொன்னார். மூன்றாம் நாள், லலித்பூரைத் தாண்டி ஓரிடத்தில் தேநீர் குடிக்க நிறுத்தினார். பேருந்தைத் தவறவிட்ட கிழவி ஒருத்தி சாகர் வரை ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். இவர் இருக்கையைப் பார்த்தார், சால்வையைப் பார்த்தார். ‘அதை எடுக்க எனக்குக் கை வரவில்லை, சுவாமிஜி. முடியாது என்று சொல்லிவிட்டேன். வண்டியைக் கிளப்பி நூறு அடி போயிருப்பேன். பிறகு பின்னோக்கி வந்தேன்’ என்றார். டிசம்பர்க் குளிரில் அந்தக் கிழவி நடுங்குவதைக் கண்டு சால்வையை அவளுக்கே போர்த்தினார். இறங்கும்போது அவள் அதைத் திருப்பித் தந்தாள். இவர் வாங்கிக்கொள்ளவில்லை.

அதன்பின் அந்த இருக்கை காலியாக இருந்த நாட்கள் குறைவு என்றார். ராமேசுவரத்தில் இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் நீராடினார். கங்கை நீரைச் சேர்ப்பித்தார். சேது மணலை எடுத்துக்கொண்டு வடக்கே திரும்பி, பிரயாகையில் சேர்த்துவிட்டு, 2024 பிப்ரவரியில் வீடு வந்தார். இன்றும் அவர் சில இரவுகளில் அழுகிறார். அதையும் சொல்லச் சொன்னார். துக்கம் அவரை விட்டுப் போய்விடவில்லை. ஆனால் அது இப்போது வண்டியை நிறுத்துவதில்லை.

ஓட்டமா, யாத்திரையா?

அப்படியானால் துக்கம் வந்தவரெல்லாம் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டுமா? அவ்வாறு சொல்ல வரவில்லை. வீட்டின் வெறுமையைப் பார்க்க அஞ்சி ஊர் ஊராக அலைவது ஓட்டம். அந்த வெறுமை எந்த ஊருக்கும் நம்மோடு வந்து சேரும். இரண்டையும் பிரித்தறிய மூன்று கேள்விகளை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். மறைந்தவரின் பெயரைச் சொல்ல என்னால் முடிகிறதா, அல்லது அந்தப் பெயரிலிருந்து தப்பவே புறப்படுகிறேனா? வழியில் என் கையால் பிறர் எதையேனும் பெறுவார்களா? திரும்பி வருவதற்கு ஒரு நாளும், எனக்காகக் காத்திருக்க ஒருவரும் உண்டா? இவற்றுக்கு மனம் நேர்மையாக விடை சொன்னால் தயங்காமல் புறப்படுங்கள்.

புறப்படுகிறவர்கள் உலகியல் விவேகத்தையும் விட்டுவிடக் கூடாது. மருத்துவரைக் கேட்டபின் கிளம்புங்கள். உண்ணும் மருந்துகளின் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்திருங்கள். இருட்டியபின் வண்டி ஓட்டாதீர்கள். கோயில் வளாகம், தர்மசாலை, ஆசிரமம் போன்ற மனித நடமாட்டமுள்ள இடங்களில் அனுமதி பெற்றுத் தங்குங்கள். ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தை ஒருவருக்காவது தெரிவியுங்கள். இறைவனிடம் சரணடைவதற்கும் கவனக்குறைவுக்கும் வேறுபாடு உண்டு.

வெளியே செல்ல இயலாதவர்களும் வருந்த வேண்டாம். நீங்கள் வாழும் இந்த இடத்தின் பெயரையே பாருங்கள். ‘விஹாரம்’ என்ற சொல்லுக்கு உலாவித் திரிதல் என்பதே முதற்பொருள். ஓயாது நடந்த பிக்ஷுக்கள் மழைக்காலத்தில் தங்கிய இடத்திற்கு அந்தப் பெயர் பின்னர் வந்தது. தங்கியிருப்பதும் யாத்திரையின் ஒரு பகுதியே. மாடிப்படி இறங்கிப் பக்கத்து வீட்டில் தனித்திருக்கும் ஒருவரின் கதவைத் தட்டுவதும் ஒரு தீர்த்தத்தை அடைவதுதான்.

திருமணத்தின்போது அக்கினியை வலம்வந்து ஏழடி சேர்ந்து நடக்கிறோம். ஏழடி உடன் நடந்தவர் நண்பர் ஆகிவிடுகிறார் என்பது நம் மரபு. எட்டாவது அடியிலிருந்து இருவரும் என்றும் சேர்ந்தே நடப்போம் என்று எந்தச் சாத்திரமும் உறுதி தரவில்லை. ஒருவர் முன்னால் போய்விடுகிறார். மற்றவர் எஞ்சிய அடிகளை நடந்தாக வேண்டும். அந்த அடிகளில் நமக்கு வழித்துணை எவர் என்பதை அன்னை தம் இறுதி நாட்களில் ஒரு பக்தைக்குச் சொல்லிச் சென்றார்: உலகில் அந்நியர் என்று எவருமில்லை, உலகம் முழுவதையும் நம்முடையதாக்கிக்கொள்ளக் கற்க வேண்டும் என்பதே அந்த உபதேசத்தின் சாரம். அந்நியர் எவருமில்லை என்று கண்டவருக்கு இந்த உலகமே ஒரு பெருஞ்சாத்து. அவர் எங்கே சென்றாலும் கூட்டத்தோடுதான் செல்கிறார்.

துணையை இழந்து தனிவழி செல்லும் ஒவ்வொருவருக்கும் ஸ்ரீஅன்னை துணை நிற்பாராக. அவர்களுடைய வண்டியில் காலியாக இருக்கும் இருக்கையில் அமர யார் வந்தாலும், அவர்களில் தம் பிரியமானவரைக் காணும் கண்ணை அன்னை அவர்களுக்கு அருள்வாராக.

ஓம் சாந்தி: சாந்தி: சாந்தி: